0.003 சதவீதமும் என் மாமாவின் காதும்

போன வருஷம் சித்திரை கடைசியில் ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். சரியான விலையைச் சொன்னால் வீட்டில் இன்னொரு முறை திட்டு விழும், அதனால் 30 ஆயிரத்துக்கு மேல் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் பக்கவாட்டில் டி.எச்.டி. 0.003 சதவீதம் என்று அச்சடித்திருந்தார்கள். உள்ளே போகிற ஒலியோடு ஆம்ப் தானாகச் சேர்த்துவிடுகிற பிசிறு எவ்வளவு என்று சொல்கிற கணக்கு அது. அந்த எண்ணுக்காகத்தான் வாங்கினேன். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடி அறையில், பழைய ஸ்பீக்கரிலேயே மாட்டி முதல் பாட்டைப் போட்டதும் உடம்பெல்லாம் புல்லரித்தது. தபலாவில் விரல் படுவதுகூடத் தனியாகக் கேட்கிறது, பாடகி மூச்சு இழுப்பது கேட்கிறது, இத்தனை வருஷம் எதைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று வருத்தமே வந்துவிட்டது.

இதில் ஒரு குடும்பச் சிக்கல் இருந்தது. அதுவரை நான் வைத்திருந்த ஆம்ப், கல்யாணத்தில் கட்டில் பீரோவோடு சீராக வந்தது. என் மாமனார்தான் தாய்மாமனும். குடியாத்தம் பக்கம் மைக் செட் வைத்திருந்தவர். 1989இல் வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரிப்பதற்கு முன்பிருந்தே ஆரணி, போளூர், செய்யாறு என்று கூத்துக்கும் திருவிழாவுக்கும் புனல் ஸ்பீக்கர் கட்டியவர். அந்த ஆம்ப் அவர் கையால் அசெம்பிள் செய்தது. 2என்3055 டிரான்சிஸ்டர், சேனலுக்கு 40 வாட், மூன்று ஆள் தூக்குகிற கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அதைக் கழற்றி மூலையில் வைத்திருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு எனக்குப் புரிந்தது.

புதுசில் ஒரு பாட்டு கேட்டார். "இன்னா மாப்ள, இதுக்கா முப்பதாயிரம்? சவுண்டு வெறும் தண்ணியா இருக்குது. நம்மதுல ஒரு கனம் இருக்கும்."

"அது கனம் இல்ல மாமா, பிசிறு. உங்க காதுக்குப் பழகிப்போச்சு."

பேச்சு வளர்ந்து, ஆற்காடு மக்கன் பேடா ஒரு கிலோ பந்தயம் என்று வந்து நின்றது. என் மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு பேரும் எது ஓடுதுன்னு பாக்காம சொல்லுங்க, அப்புறம் பேடா வாங்கலாம்."

சாதாரணமாகச் சொன்ன வார்த்தைதான், ஆனால் அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போயிற்று.

சுவிட்சுக்கு மாமாவே வழி சொன்னார். கரண்டு போனால் ஜெனரேட்டருக்கு மாற்றுவதற்கு மைக் செட்காரர்கள் வைத்திருக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்று அவர் பரணில் கிடந்தது. மேலே தள்ளினால் ஒரு ஆம்ப், கீழே தள்ளினால் இன்னொன்று, நடுவில் ஆஃப். இரண்டு ஆம்பின் அவுட்புட்டும் ஒருபோதும் ஒன்றோடொன்று தொட்டுவிடாது, அதுதான் முக்கியம், தொட்டால் இரண்டும் போய்விடும். அதில் இரண்டு முனைதான் மாற்ற முடியும் என்பதால் ஒரே ஒரு ஸ்பீக்கர் வைத்துச் சோதித்தோம். லேப்டாப்பிலிருந்து வருகிற சிக்னலைப் பிரித்து இரண்டு ஆம்புக்கும் கொடுத்துவிட்டோம். (வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் இப்படிச் செய்ய வேண்டாம். ஸ்பீக்கர் இல்லாமல் சிக்னல் ஓடினால் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோக வாய்ப்புண்டு. டிரான்சிஸ்டர் ஆம்புக்குப் பொதுவாக அந்தக் கவலை இல்லை.)

சுவிட்ச் பக்கத்து அறையில், மனைவி கையில். அவள் காசைச் சுண்டி, பூ விழுந்தால் பழசு, தலை விழுந்தால் புதுசு என்று பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வாள். மாற்றாமல் விடும்போதும் ஒருமுறை நடுவுக்குத் தள்ளித் திரும்ப வைப்பாள், 'டக்' சத்தம் காட்டிக்கொடுக்கக் கூடாதே. எங்கள் இருவரையும் சமமாக நம்பாதவள் என்பதால் நடுவர் வேலைக்குப் பொருத்தமானவள். எனக்கு 20 தடவை. 18 சரி.

நான் குதித்தேன். மாமா சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக, "சவுண்டு ரெண்டுத்துலயும் சமமா வச்சியா மாப்ள?" என்றார்.

காதால் சமம் பார்த்துத்தான் வைத்திருந்தேன். அவர் மல்டிமீட்டரை எடுத்து ஸ்பீக்கர் முனையில் ஏ.சி. வோல்ட் பார்க்கச் சொன்னார். லேப்டாப்பில் 200 ஹெர்ட்ஸ் ஒரே சீரான ஊதல் ஒலி போட்டேன். 1000 ஹெர்ட்ஸ் போடலாமே என்று தோன்றும், ஆனால் விலை குறைந்த மீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏ.சி.யைச் சரியாகக் காட்டாது. பழைய ஆம்பில் 2.00 வோல்ட். புதுசில் 2.31. டெசிபல் கணக்கில் ஒன்றேகால். இவ்வளவு சின்ன வித்தியாசத்தை நம் காது 'சத்தம் கூட' என்று சொல்வதில்லை, அங்கேதான் ஏமாற்றம் இருக்கிறது. 'தெளிவா இருக்கு', 'விவரம் தெரியுது', 'மேடை அகலமா இருக்கு' என்று சொல்லும். பாடகியின் மூச்சுச் சத்தம் கேட்டு நான் புல்லரித்தேனே, அதெல்லாம் இந்த ஒன்றேகால் டெசிபல்தான். கடையில் இரண்டு ஆம்பை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுகிறவர், எதை விற்க நினைக்கிறாரோ அதன் வால்யூமை ஒரு பொட்டு அதிகம் வைத்தால் போதும், மிச்ச வேலையை நம் காதே செய்துவிடும்.

இரண்டு பக்கமும் 2.00 என்று வைத்துவிட்டு மறுபடி 20. இந்த முறை நான் 11. மாமா 9.

நடுவில் ஐந்தாறு முறை 'இது நிச்சயம் புதுசு' என்று சத்தியம் செய்கிற அளவுக்கு எனக்கு உறுதியாகத் தோன்றியது, அதில் பாதி தப்பு. காசு சுண்டினாலே 20இல் பத்து வரும். 13 வந்தால்கூட பெருமைப்பட ஒன்றும் இல்லை, சும்மா ஊகித்தாலே எட்டில் ஒரு முறை அந்த அளவோ அதற்கு மேலோ விழும். 15 தொட்டால்தான் ஏதோ கேட்கிறது என்று நம்பலாம், அது ஊகத்தில் விழுவது சுமார் 50இல் ஒரு தடவை. பத்துத் தடவையோடு நிறுத்திக்கொண்டு 7 சரி என்று குதிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் அப்படிக் குதித்தவன்தான். இந்த மாதிரிக் கண்மறைவுச் சோதனை ஒன்றும் புதுசு இல்லை. 1978இலேயே இங்கிலாந்தில் குவாட் நிறுவனத்தின் ஒரு வால்வு ஆம்பையும் இரண்டு டிரான்சிஸ்டர் ஆம்பையும் இப்படி வைத்துப் பார்த்திருக்கிறார்கள், கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதை எப்போதோ படித்தபோது 'அவங்க காது சரியில்ல' என்று நினைத்தவனும் நான்தான்.

பந்தயத்தில் இரண்டு பேருமே தோற்றதால் ஆளுக்கு ஒரு கிலோ வாங்கித் தர வேண்டும் என்று நடுவர் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய ஆம்பை ஸ்பீக்கருக்குப் பதில் ரெசிஸ்டர் மாட்டி யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு வழியாக அளந்தபோது 5 வாட்டில் 0.08 சதவீதம் வந்தது. புதுசின் 0.003ஓடு ஒப்பிட்டால் இருபத்தைந்து மடங்குக்கு மேல். கேட்கப் பயங்கரமாக இருக்கிறது. ஆனால் 0.08 சதவீதம் என்றால் பாட்டைவிட 62 டெசிபல் கீழே. அறையில் பாட்டு 80 டெசிபலில் ஓடினால் பிசிறு 18 டெசிபலில் கிடக்கும். சித்திரை மாத வேலூரில் ஃபேன் போடாமல் உட்கார முடியுமா? அந்த ஃபேன் சத்தமே 40ஐத் தாண்டும். ஃபேனை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்கவும் கேட்டுப் பார்த்தோம், பயன் இல்லை, ஏனென்றால் பாட்டே பிசிறை மூடிவிடுகிறது. பக்கத்தில் தவில் அடிக்கும்போது காதோரம் பேசினால் கேட்காது, அதே கதை. இதையெல்லாம் தாண்டி ஸ்பீக்கர் என்று ஒன்று இருக்கிறது. வால்யூம் ஏற்றினால் தாழ்ந்த சுரங்களில் நல்ல ஸ்பீக்கரே ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று சொந்தமாகப் பிசிறு சேர்க்கும். ஆம்பில் மூன்றாவது தசமத்தைத் துரத்திக்கொண்டு போனவன், அதைவிடப் பல நூறு மடங்கு பிசிறு சேர்க்கிற பெட்டியை 12 வருஷமாக மாற்றவில்லை.

அடுத்த ஞாயிறு மாமா வேறு யோசனையோடு வந்தார். "நல்லது ரெண்டுத்துல எனக்கு வித்தியாசம் தெரியல, ஒத்துக்குறேன். கெட்டுப்போனத நான் கண்டுபிடிப்பேன். ஏதாச்சும் ஒண்ண கெடுத்து வை."

எதைக் கெடுப்பது என்றும் அவரே காட்டினார். இந்த மாதிரி ஆம்பில் அலையின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டர் தள்ளும், கீழ் பாதியை இன்னொன்று. ஒன்று விட்டு மற்றொன்று பிடிக்கிற இடத்தில் இரண்டுமே ஒரு கணம் தூங்கிவிட்டால் அலை நடுவில் ஒரு படி விழும். அது விழாமல் இருக்கத்தான் பாட்டு இல்லாதபோதும் கொஞ்சம் கரண்டு ஓடும்படி பயாஸ் வைத்திருப்பார்கள். பழைய ஆம்பில் 0.33 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே 10 மில்லிவோல்ட், அதாவது 30 மில்லி ஆம்பியர். நான் ப்ரீசெட்டை, அதாவது அந்த அளவை மாற்றுகிற குட்டித் திருகை, திருகி அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். வெயிலும் தூசியும் சேர்ந்து ப்ரீசெட் கெட்டு, தானாகவே இப்படி ஆகிவிடுவது பழைய செட்களில் சகஜம் என்றார் மாமா.

வீணை ஒன்று போட்டோம், வால்யூம் குறைவாக. மாமா மூன்றாவது மாற்றத்திலேயே சிரித்துவிட்டார். 20க்கு 20. நானும் 19. கம்பியை மீட்டி நாதம் மெல்ல அடங்குகிற கடைசிப் பகுதியில், தொண்டையில் மணல் இருப்பதுபோல ஒரு கரகரப்பு. ஒருமுறை பிடிபட்டுவிட்டால் அப்புறம் கேட்காமல் இருக்க முடியாது. வால்யூமை நன்றாக ஏற்றி சினிமாப் பாட்டு போட்டால், ஆச்சரியம், கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிட்டது.

அளந்தேன். 20 வாட்டில் 0.12 சதவீதம். அரை வாட்டில் 0.9. அந்தப் படியின் அளவு ஒன்றேதான், பெரிய அலையில் அது சின்னக் கீறல், அலை சின்னதாகச் சின்னதாக அதன் பங்கு பெரிதாகிக்கொண்டே போகிறது. வீட்டில் நாம் சாதாரணமாகக் கேட்பது ஒரு வாட்டுக்கும் குறைவில். பெட்டியில் போடுகிற எண்ணோ பெரும்பாலும் வாட் அதிகமாக உள்ள இடத்தில் அளந்தது. ஆக, காதுக்கு நன்றாகத் தெரிகிற கோளாறு விளம்பர எண்ணில் தெரியாமலே போகலாம்.

இதற்கு நேர்மாறாக இன்னொன்றும் செய்து பார்த்தேன். லேப்டாப்பில் ஒரே பாட்டை எடுத்து, இரண்டாம் ஹார்மோனிக் வகைப் பிசிறை மட்டும், அதாவது அதே சுரத்தின் மேல் ஸ்தாயியில் விழுவதை, 0.3, 1, 3, 10 சதவீதம் என்று கலந்து நான்கு பிரதிகள் செய்தேன். அசல் எது, கலப்படம் எது என்று என்னால் 3 வரை சொல்ல முடியவில்லை. 10 நன்றாகத் தெரிந்தது, அப்போதும் அது கெட்ட சத்தமாக இல்லை, கொஞ்சம் தடித்த குரலாக இருந்தது. 3 சதவீதம் காதில் விழவில்லை, 0.9 சதவீதம் மணலாகக் குத்துகிறது! ஸ்தாயி மேலே விழுவது அசல் சுரத்தின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அலையில் படி விழுந்தால் உண்டாவது ஐந்து, ஏழு, ஒன்பது மடங்கு தூரத்தில் போய் விழுகிறது, அங்கே மறைக்க ஒன்றும் இல்லை. சதவீதம் இரண்டையும் ஒரே தராசில் போட்டு நிறுத்துவிடுகிறது. கத்திரிக்காயையும் கத்தியையும் எடை பார்த்து எது வெட்டும் என்று கேட்கிற மாதிரி.

இந்த மூன்று வாரத்துக்குப் பிறகு என்னிடம் யாராவது ஆம்ப் பற்றிக் கேட்டால் சதவீதத்தைப் பேசுவதில்லை. எத்தனை ஓம் ஸ்பீக்கர், அறை எவ்வளவு பெரிசு, எந்த அளவு சத்தத்தில் கேட்பீர்கள் என்று கேட்கிறேன். வாட்டைப் பார்க்கும்போது அது எந்தப் பிசிறு அளவில் சொன்ன வாட் என்று பாருங்கள். நம் ஊர் அசெம்பிள் செட்களில் கொடிகட்டிப் பறந்த எல்.ஏ.4440 ஐ.சி.யை எடுத்துக்கொண்டால், சேனலுக்கு 6 வாட், இரண்டு சேனலையும் ஒன்றாக்கி பிரிட்ஜ் செய்தால் 19 வாட் என்பது 10 சதவீதப் பிசிறில் சொன்ன கணக்கு, அதாவது அலையின் தலை வெட்டுப்பட ஆரம்பித்த பிறகு. பாட்டின் சராசரியைவிட உச்சம் பத்து மடங்கு வாட் கேட்பது சாதாரணம். மேளம் விழுகிற இடத்தில் அலை சப்ளை வோல்டேஜின் எல்லையில் முட்டிவிட்டால் மொட்டையாகும், இதைத்தான் மைக் செட்காரர்கள் 'சவுண்டு கிழியுது' என்பார்கள், இது எந்தக் காதுக்கும் தெரியும். பழைய செட் வைத்திருப்பவர்கள் புதுசு வாங்குமுன் பயாஸ் பார்த்துவிடுங்கள். ப்ரீசெட்டைத் திருகுகிறபோது மெயின்ஸில் சீரிஸ் பல்பு (கரண்டு அதன் வழியாகவே செட்டுக்குப் போகும்படி மாட்டுகிற பல்பு) போட்டுப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள், தாறுமாறாகத் திருகினால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். செட் சூடான பிறகு ஒருமுறை பல்பை எடுத்துவிட்டு நேர் சப்ளையில் சரிபார்க்க வேண்டும், குளிரில் வைத்த அளவு சூட்டில் மாறும். உர்ர்ர் என்கிற ஹம் சத்தம், பாட்டு இல்லாதபோது வருகிற இரைச்சல், இதையெல்லாம் கடையில் கேட்டே கண்டுபிடிக்கலாம், ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்தால் போதும்.

போன வைகாசியில் குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு மாமாவோடு போனேன். அவர் தொழிலை விட்டு ஐந்து வருஷம் ஆகிறது, சும்மா பார்க்கத்தான். கட்டியங்காரன் வந்து பேசும்வரை சவுண்டு நன்றாகவே இருந்தது. பின்பாட்டுக்காரர்கள் சேர்ந்து, ஆர்மோனியமும் முகவீணையும் ஏறியதும் எல்லாம் ஒன்றோடொன்று கூழாகிவிட்டது. தனிக்குரலில் தெரியாத வெட்டு இரண்டு மூன்று ஒலி சேரும்போது ஏன் இப்படித் தெரிகிறது என்று எனக்கு இப்போது தெரியும். 1000 ஹெர்ட்ஸும் 1100 ஹெர்ட்ஸும் ஒன்றாக மொட்டையானால் 100, 900, 1200 என்று பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒலிகள் பிறக்கும். நான் அதை மாமாவிடம் விளக்க ஆரம்பித்தேன், அவர் எழுந்து ஆம்ப் பக்கம் போய்விட்டார்.

மைக் செட் பையனுக்கு இருபது வயசு இருக்கும். "வோல்டேஜ் பாத்தியா கண்ணு?" என்றார். ஊர்க்கோடி லைன், கூடவே சீரியல் பல்பு அலங்காரம் வேறு. மீட்டரில் 168. அந்த மாதிரி ஆம்பில் 230க்கு 168 வந்தால் கிடைப்பது பாதி வாட்தான். காதுக்கு அது மூன்று டெசிபலுக்கும் குறைவான இறக்கம், அதை ஈடுகட்டப் பையன் வால்யூமை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறான், ஏற்ற ஏற்ற அலை மொட்டையாகிக்கொண்டே போயிருக்கிறது. மாமா மாஸ்டர் வால்யூமை இரண்டு புள்ளி இறக்கினார். "சவுண்டு கொறஞ்சுடும் தாத்தா, ஊர்ல திட்டுவாங்க," என்று பையன் பதறினான்.

கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முகவீணை வாசிக்கிறவர் மட்டும் வாயிலிருந்து சீவாளியை எடுக்காமலே தலையைத் தூக்கிப் புனல் கட்டியிருந்த புளியமரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து வாசிக்க ஆரம்பித்தார்.